லாபி: ஒரு கூடத்தின் பெயர் தொழிலின் பெயரான கதை

ஹோட்டலுக்குப் போனால் "அறை தயாராகும் வரை லாபியில் உட்காருங்கள்" என்கிறார்கள். சோபாவும் மேசை விளக்கும் போட்டிருக்கும் இடம். அன்றைய செய்தியைத் திறந்தால் "துப்பாக்கி லாபி", "புகையிலை லாபி", "மருந்துக் கம்பெனிகளின் லாபி" என்று வருகிறது. இப்போது அதே சொல்லில் பணமும் ரகசியமும் கலந்த ஒரு வாடை. உட்கார்ந்து காத்திருக்கும் இடத்தின் பெயர், திரைமறைவில் காரியம் சாதிப்பவர்களின் பெயராக எப்படி ஆனது?

இதற்குச் சுருக்கமான பதில் உண்டு: அரசியல்வாதிகளைப் பார்க்க வந்தவர்கள் காத்திருந்த இடம் லாபி, அதனால் அவர்கள் செய்த வேலைக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஆனால் அந்தக் கூடத்தில் நடந்தவை இந்த ஒரு வரிக்குள் அடங்காது.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். ஐரோப்பாவின் இடைக்கால லத்தீனில் 'லோபியா' அல்லது 'லாவ்பியா' என்று ஒரு சொல் இருந்தது. மேலே கூரையும் பக்கத்தில் திறப்பும் உள்ள நடைபாதை, தாழ்வாரம் என்று பொருள். லத்தீனுக்கு அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது. இன்றைய ஜெர்மன் மொழியில் 'லாவ்பே' என்றால் கொடிப்பந்தல், தோட்டத்துச் சிறு குடில். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துப் பழைய தெருக்களில், கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாக ஓடும் கல் தாழ்வாரங்களை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் 'லாவ்பன்' என்றுதான் சொல்கிறார்கள். சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு மழையில் நனையாமல் நடக்கலாம். லாபி என்ற சொல்லின் பழைய பொருளை நேரில் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

இந்தக் குடும்பத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சொல்லும் இருக்கிறது. அதே ஜெர்மானிய வேர் பழைய பிரெஞ்சுக்குப் போய் 'லோஜ்' ஆனது. அது ஆங்கிலத்துக்கு வந்து 'லாட்ஜ்' ஆனது. இத்தாலிய மொழியில், தூண்களோடு ஒரு பக்கம் திறந்திருக்கும் மண்டபத்துக்கு 'லோஜியா' என்று பெயர். ஆக, லாட்ஜும் லாபியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். லாட்ஜுக்குள் லாபி இருப்பதைச் சொற்களின் குடும்பச் சந்திப்பு என்றே சொல்லலாம்.

ஆங்கிலத்தில் லாபி 16ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. மடாலயத்தின் மூடிய நடைபாதைக்கு அந்தப் பெயர் வழங்கியது. அப்புறம் பெரிய மாளிகைகளில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் இடைக்கூடத்துக்கும், பொதுக் கட்டடங்களின் முன்கூடத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்று ஹோட்டல், தியேட்டர், அலுவலகக் கட்டடம், லிஃப்ட் வாசல் என்று எல்லாவற்றிலும் புழங்குவது இந்தப் பொருள்தான். ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களுக்கும் லாபி தெரியும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் வீரர்கள் சேர்ந்து காத்திருக்கும் திரை அது. சுவரும் கூரையும் இல்லாவிட்டாலும் வேலை ஒன்றுதான்.

கபடியிலும் லாபி உண்டு. எனக்கு இந்தப் பயன்பாடு மிகவும் பிடிக்கும், காரணம் இருக்கிறது. ஆடுகளத்தின் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் நீளமாக ஓடும் பட்டைகள்தான் லாபி. பாடிப்போகிறவர் எதிரணியில் யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தால் அவர் அவுட். அதுவரை அது களத்துக்கு வெளியே. ஆனால் ஒருவரைத் தொட்டுவிட்டாலோ, எதிரணி அவரைப் பிடித்துவிட்டாலோ, அந்த நொடியே லாபியும் களத்தோடு சேர்ந்துவிடும். கோடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, விதி மட்டும் மாறிவிடுகிறது. களத்துக்கு உள்ளேயும் சேராமல் வெளியேயும் சேராமல், தொடர்பு ஏற்பட்டவுடன் உயிர் பெறும் இடம். அரசியல் லாபியை விளங்கிக்கொள்ள இதைவிடக் கைக்கு அருகில் வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அரசியலுக்கு வருவோம். இடம் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர். பிரிட்டிஷ் மக்களவை 16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1834இல் தீப்பிடித்து எரியும் வரை செயின்ட் ஸ்டீஃபன் என்ற பழைய தேவாலயக் கட்டடத்தில் கூடியது. உறுப்பினர்கள் உட்கார்ந்து விவாதிக்கும் அவைக்குள் மற்றவர்கள் இஷ்டம்போல் நுழைய முடியாது. ஆனால் அவைக்கு வெளியே இருந்த முன்கூடத்துக்கு வரலாம். வரி குறைக்கச் சொல்லும் வியாபாரி, நிலத் தகராறோடு வந்தவர், வேலைக்குச் சிபாரிசு தேடுகிறவர், மனுவோடு நிற்பவர் என்று எல்லோரும் அங்கே காத்திருப்பார்கள். அவைக்குள் போகும் உறுப்பினர் அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் போயாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கூடத்துக்கு லாபி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த லாபி எவ்வளவு திறந்து கிடந்தது என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. ஜான் பெல்லிங்ஹம் என்ற வணிகர் ரஷ்யாவில் கடன் வழக்கு ஒன்றில் சிக்கிச் சில ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். பிரிட்டிஷ் அரசு தனக்கு உதவவில்லை, நஷ்டஈடு தர வேண்டும் என்று ஊர் திரும்பியதும் மனுமேல் மனு போட்டார். எந்த அலுவலகமும் ஏற்கவில்லை. 1812 மே 11ஆம் தேதி மாலை, கோட்டுக்குள் தனியாகத் தைத்துவைத்த பையில் துப்பாக்கியோடு மக்களவை லாபிக்கு வந்து நின்றார். யாரும் தடுக்கவில்லை. அங்கே நிற்பது எல்லோருக்கும் இருந்த வழக்கம். பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் உள்ளே வந்ததும் நெஞ்சில் சுட்டார். பிறகு ஓடாமல் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரே வாரத்தில் விசாரணை முடிந்து தூக்கிலிடப்பட்டார். பிரிட்டனில் பதவியில் இருக்கும்போது கொலை செய்யப்பட்ட ஒரே பிரதமர் பெர்சிவல்தான், அது நடந்த இடம் லாபி.

தீக்குப் பிறகு சார்ல்ஸ் பேரியின் வடிவமைப்பில் எழுந்த இன்றைய நாடாளுமன்றக் கட்டடத்தில் லாபிகள் பல. மக்களவைக்கும் பிரபுக்கள் அவைக்கும் நடுவில், எட்டு மூலைகளோடு உயர்ந்து நிற்கிறது சென்ட்ரல் லாபி. நான்கு வாசல்களின் மேலே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாடுகளின் காவல் புனிதர்கள் மொசைக் ஓவியமாக இருக்கிறார்கள். அவைத் தலைவர் ஊர்வலமாகப் போகும்போது காவலர் ஒருவர் "தொப்பியைக் கழற்றுங்கள், அந்நியர்களே" என்று உரக்கச் சொல்வார். அவையின் உறுப்பினர் அல்லாத எவரும் அந்த மரபில் அந்நியர்தான். ஆனாலும் அந்த அந்நியருக்கு ஓர் உரிமை உண்டு. தொகுதி வாக்காளர் யாரும் சென்ட்ரல் லாபிக்குப் போய், பச்சை அட்டை ஒன்றில் தன் பெயரை எழுதிக் கொடுத்து, தன் உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். உறுப்பினர் கட்டடத்தில் இருந்தால் தேடிச் சொல்வார்கள். ஏராளமான மக்கள் ஒரே நாளில் ஒரே கோரிக்கையோடு இப்படி வந்து உறுப்பினர்களைச் சந்திப்பதை 'மாஸ் லாபி' என்பார்கள்.

வாக்களிப்பதற்கென்றே இரண்டு லாபிகள் தனியாக உண்டு. முன்பெல்லாம் வாக்கெடுப்பு வந்தால் ஒரு தரப்பு அவையிலேயே உட்கார்ந்திருக்கும், மறு தரப்பு லாபிக்கு வெளியேறும், இருவரையும் எண்ணுவார்கள். 1836இல் ஆதரவுக்கு ஒன்று, எதிர்ப்புக்கு ஒன்று என்று இரண்டு லாபிகளாக்கினார்கள். இன்றும் அதே முறைதான். "வாக்கெடுப்பு! லாபியைக் காலி செய்யுங்கள்" என்று அவைத் தலைவர் அறிவித்ததும் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். எட்டு நிமிடத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் வந்தவர்கள் தங்களுக்கான லாபி வழியாக நடந்து போவதே அவர்களது வாக்கு. பட்டனை அழுத்தினால் நொடியில் முடிவதை ஏன் கால் மணி நேரம் இழுக்கிறீர்கள் என்று கேட்டால், பல உறுப்பினர்கள் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. சந்திக்கவே முடியாத அமைச்சர்கூட அந்த நேரத்தில் தோளோடு தோள் உரசி நடப்பார், அவர் காதில் தொகுதிப் பிரச்சினையைப் போட்டுவிடலாம் என்கிறார்கள். வாக்களிக்கும் லாபிக்குள்ளேயே இன்னொரு லாபி வேலை நடந்துகொண்டிருக்கிறது!

இந்திய மக்களவையிலும் இந்த மரபு தொடர்கிறது. பொத்தான் அழுத்தி வாக்களிக்கும் கருவி 1957இலேயே வந்துவிட்டது. ஆனாலும் வாக்கெடுப்புக்கு முன் சபாநாயகர் "லாபிகள் காலி செய்யப்படட்டும்" என்று சொல்வதை நேரலையில் இன்றும் கேட்கலாம்.

பத்திரிகை உலகத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு கிளை இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் 'லாபி நிருபர்' என்றால் உறுப்பினர்களுக்கான லாபிக்குள் நுழைய அனுமதி பெற்ற அரசியல் செய்தியாளர். 1880களில், குண்டுவெடிப்பு அச்சத்தால் பொதுமக்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, குறிப்பிட்ட நிருபர்களுக்கு மட்டும் பட்டியல் போட்டு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு விலையும் இருந்தது: கேட்டதை எழுதலாம், சொன்னவர் பெயரை எழுதக்கூடாது. 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்ற பாணிக்கு இது வளமான நிலமாக அமைந்தது. 1986இல் தொடங்கிய 'தி இன்டிபென்டன்ட்' நாளிதழ் இந்த ஏற்பாட்டில் சேர மறுத்தது. பிரதமரின் செய்தித் தொடர்பாளர் சொன்னதை 'பிரதமரின் செய்தித் தொடர்பாளர் சொன்னார்' என்றே எழுதலாம் என்ற அனுமதி 1997இல்தான் வந்தது.

இனி அமெரிக்கா. இங்கே பலரும் சொல்லிக் கேட்ட ஒரு கதை உண்டு. ஜனாதிபதி யுலிசிஸ் கிரான்ட் மாலை வேளைகளில் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்திலிருந்த வில்லார்ட் ஹோட்டலுக்கு வந்து சுருட்டும் பிராந்தியுமாக உட்காருவாராம். அவரைப் பிடித்துக் காரியம் சாதிக்க லாபியில் ஆட்கள் மொய்ப்பார்களாம். எரிச்சலில் அவர் அவர்களுக்கு வைத்த பெயர்தான் 'லாபியிஸ்ட்' என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. கிரான்ட் பதவிக்கு வந்தது 1869இல். மாநிலச் சட்டமன்றங்களின் லாபியில் நின்று மசோதாக்களுக்கு ஆதரவு தேடியவர்களை 'லாபி ஏஜென்ட்' என்று அமெரிக்கப் பத்திரிகைகள் 1830களிலேயே எழுதிக்கொண்டிருந்தன. லாபி என்ற பெயர்ச்சொல் அங்கே வினைச்சொல்லாக மாறியதும் அதே காலத்தில்தான். கிரான்ட் காலத்தில் சாமுவேல் வார்ட் என்பவர் 'லாபியின் ராஜா' என்றே புகழ்பெற்றிருந்தார். வாஷிங்டனில் விருந்து வைத்து, அதில் யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று திட்டமிட்டே காரியம் முடிப்பவர்.

அப்படியானால் லாபியிங் என்றால் லஞ்சமா? இல்லை. "இந்தச் சட்டம் வந்தால் இன்ன விளைவு வரும், மாற்றுங்கள்" என்று முடிவெடுப்பவரை இணங்கவைக்க முயல்வது லாபியிங். "மாற்றினால் உனக்கு இவ்வளவு" என்பது லஞ்சம். முதலாவது உரிமை, இரண்டாவது குற்றம். அரசிடம் குறை சொல்லி நிவாரணம் கேட்கும் உரிமையை 1791இல் வந்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே பாதுகாக்கிறது. தொழிற்சங்கம், மருத்துவர் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு, நோயாளிகளின் அமைப்பு என்று எல்லோரும் லாபி செய்கிறார்கள், பெரிய கம்பெனிகள் மட்டும் அல்ல.

லாபியிங் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அதை அழகாகச் செய்து காட்டியவர் தாமஸ் கிளார்க்சன். அட்லாண்டிக் அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய இங்கிலாந்துக்காரர். அவர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்ல. துறைமுகம் துறைமுகமாக அலைந்து மாலுமிகளிடம் வாக்குமூலம் சேர்த்தார். ஒரு மரப்பெட்டியில் ஆப்பிரிக்க நெசவுத் துணிகள், தந்தம், மிளகு, மரக்கட்டைகள் என்று நிரப்பிக்கொண்டு போய்க் காட்டினார். மனிதர்களை விற்காமலேயே அந்தக் கண்டத்தோடு வணிகம் செய்ய முடியும் என்பதற்கு அவை சாட்சி. கூடவே அடிமைகளைப் பூட்டிய கைவிலங்குகளும், விரலை நசுக்கும் சித்திரவதைக் கருவிகளும். அவரும் தோழர்களும் 1789இல் லண்டனில் அச்சிட்டுப் பரப்பிய 'புரூக்ஸ்' கப்பலின் வரைபடம், 450க்கும் மேற்பட்ட மனிதர்களை ஒரு கப்பலுக்குள் எப்படி அடுக்கினார்கள் என்பதை வாதமே தேவைப்படாமல் காட்டியது. அவைக்குள் பேச வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், வெளியிலிருந்து ஆதாரம் கொண்டுவந்து கொடுக்க கிளார்க்சன். இதற்கு எதிர்ப்பக்கத்தில் கப்பல் முதலாளிகளும் தோட்ட முதலாளிகளும் நடத்திய பலமான லாபி ஒன்று இருந்தது. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தபோது, கிளார்க்சன் தொடங்கி 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே கருவியின் கறுத்த பக்கத்தைப் பார்க்கப் புகையிலை போதும். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1950களில் வெளிப்பட்டது. 1954 ஜனவரியில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. மக்களின் ஆரோக்கியமே எங்களுக்கு முதன்மை, ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்றன. அதன்பின் பல பத்தாண்டுகள் அவர்கள் விற்றது சந்தேகத்தை: "இன்னும் நிரூபணமாகவில்லை, அவசரப்படாதீர்கள்". சட்டங்கள் தள்ளிப்போயின, மனிதர்கள் இறந்தார்கள். அந்த அனுபவத்தால்தான், 2003இல் ஏற்கப்பட்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆவது பிரிவு, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து காக்க வேண்டும் என்று அரசுகளுக்கு நேரடியாகச் சொல்கிறது.

லாபியில் நிற்பது தவறே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலைக்கு லீவு போட்டு ஒரு நாள் வந்து நிற்பவரும், சம்பளம் வாங்கிக்கொண்டு வருடம் முழுக்க நிற்பவரும் அங்கே சமம் அல்ல. அமெரிக்க மத்திய அரசிடம் லாபி செய்யக் கம்பெனிகளும் அமைப்புகளும் கணக்குக் காட்டிச் செலவழிப்பது இப்போது ஆண்டுக்கு 400 கோடி டாலரைத் தாண்டுகிறது. நிபுணர்களை வைத்து மசோதாவின் திருத்த வாசகத்தையே தட்டச்சு செய்து கொடுப்பார்கள். நேரமில்லாத உறுப்பினருக்கு அது பெரிய உதவி, அதனால்தான் செல்லுபடியாகிறது. நேற்று வரை கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவரை இன்று வேலைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. இதற்குச் சுழற்கதவு என்று பெயர். பொதுமக்களே கொதித்தெழுந்ததுபோல் ஒரே மாதிரிக் கடிதங்களைக் குவிக்க வைப்பது இன்னொரு உத்தி. உண்மையான அடிமட்ட ஆதரவைப் புல்வேருக்கு ஒப்பிடுவது ஆங்கில வழக்கம் என்பதால், இந்தப் போலிக்கு 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற செயற்கைப் புல்லின் பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டங்கள் இதைத் தடைசெய்ய முயலவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே முயல்கின்றன. அமெரிக்கா 1946இல் முதல் பொதுச் சட்டம் போட்டது. ஓட்டைகள் அதிகம் என்று தெரிந்து 1995இல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. லாபியிஸ்ட்கள் பெயரைப் பதிய வேண்டும், யாருக்காக, எந்த விஷயத்துக்காக, எவ்வளவு பணம் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கான வேலையில் 20 சதவீதத்துக்குக் குறைவான நேரம்தான் லாபியிங்குக்குப் போகிறது என்றால் அவர் சட்டப்படி லாபியிஸ்ட் அல்ல. 'ஆலோசகர்' என்று அட்டை அடித்துக்கொண்டு பலர் வெளியே நிற்க இதுவே வழி. பிரிட்டனின் 2014 சட்டம் பிறருக்காகக் கூலிக்கு லாபி செய்யும் நிறுவனங்களை மட்டுமே பதியச் சொல்கிறது. தன் கம்பெனிக்காகவே லாபி செய்யும் ஊழியர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். கனடாவில் உயர் பதவியை விட்டவர் 5 ஆண்டுகளுக்கு லாபியிஸ்ட் ஆகக்கூடாது. இந்தியாவில் லாபியிங்குக்கென்று தனிச் சட்டம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் உயர் பொறுப்பில் இருப்பவர்கள் லாபியிஸ்ட்களோடு நடத்தும் சந்திப்புகளை இணையத்தில் போட வேண்டும் என்ற விதி 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனியின் பெயரைத் தேடி, அதன் ஆட்கள் எந்த ஆணையரை எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று யாரும் படிக்கலாம். என்ன பேசினார்கள் என்பதற்கு அங்கே பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்.